பனி பெய்யும் தோட்டம்

என் நாவலில் பனி பெய்கிறது. முதல் அத்தியாயத்தில் ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் விட்டு விட்டுப் பெய்கிறது. நான் பனியைக் கிட்டத்தில் பார்த்தது ஈப்போவில் ஐஸ் கச்சாங் விற்கிற கடையில்தான். ஐஸ் கட்டியை இயந்திரத்துக்குள் போட்டுச் சுற்றினால் வெள்ளையாக உதிருமே, அதுதான் எனக்குத் தெரிந்த பனி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே மூடிவிட்டேன். ஆசாமிக்குத் துணிச்சல் ஜாஸ்தி.

அந்த நாட்டுக்குப் பெயர் கிடையாது. தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி உண்டு. விடியும் முன்னே மணி அடிக்கும், எல்லாரும் மைதானத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், தலை எண்ணுவார்கள். ஊரை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். தலைவரின் படம் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும். அடுப்படியில் பேசியது மறுநாள் மேலிடத்துக்குத் தெரிந்திருக்கும். காரணம், ஒரு குடைக்காரன். வானம் வெளுத்துக் கிடக்கிற நாளிலும் கையில் குடையோடு திரிகிற உளவாளி. அவன்தான் வீடு வீடாகப் போய்க் காது கொடுப்பவன்.

வாகனக் காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்துக் கொடுத்துப் பிழைக்கிற எனக்கு சர்வாதிகாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாள். வருஷக்கணக்கில் நூலகத்திலிருந்து தடி தடியாகப் புத்தகங்களைக் கொண்டுவந்து படித்தேன். காரின் பின் சீட்டில் ஒரு பக்கம் வாடிக்கையாளர்களின் வாகனப் பத்திரங்கள், மறுபக்கம் உலகத்துக் கொடுங்கோலர்கள். இரண்டும் கலந்து போய், ஒரு முறை தைப்பிங்கில் ஒரு டாக்டருடைய கார் பத்திரத்துக்குப் பதில் ஒரு சிறைச்சாலையின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

நாவலை வெளியிடும்போது எனக்குப் பயமே இல்லை. இங்கே நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேடைக்கு ஒவ்வொருவராக அழைப்பார்கள். அவர்கள் பணம் வைத்த உறையை நீட்டுவார்கள், நாம் புத்தகத்தை நீட்டுவோம், இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்போம், அவர்கள் இறங்கிப் போய் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு வரிசை பிடிப்பார்கள். கல்யாணத்துக்கு வந்து உறை வைக்கிற மாதிரி ஒரு மரியாதை அது. மாப்பிள்ளையின் குணநலன்களை யாரும் அப்புறம் விசாரிப்பதில்லை, புத்தகத்தையும் அப்படித்தான். வாங்கியவர் படிக்க மாட்டார் என்பது இந்த நாட்டுத் தமிழ் எழுத்தாளனுக்குக் கிடைத்திருக்கிற மிகப் பெரிய பாதுகாப்பு. அதை நம்பித்தான் நான் அத்தனை வீரமாக எழுதினேன்.

படித்துவிட்டார்கள்.

முதலில் படித்தது ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் கடை மாடியில்தான் நாங்கள் சில பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். பாய் கீழே கல்லாவில் உட்கார்ந்தபடியே எங்கள் சண்டைகளைக் கேட்டு ரசிப்பாரே தவிர மேலே ஏறியதில்லை. அன்று ஏறி வந்தார். கையில் என் நாவல், நடுவில் ஒரு பில் செருகியிருந்தது. "ஜனங்க ரொட்டிக்கு விடிய விடிய வரிசையில நிக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க கடைய வச்சித்தானே அண்ணே?" என்றார். ரொட்டி சானாய் போடுகிற பையன் வேலையை விட்டுப் போனதிலிருந்து கடையில் கொஞ்சம் தாமதம்தான். அது வெளிநாட்டுப் பஞ்சம் பாய் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் மறு வாரமே புது ஆள் போட்டுவிட்டார். என் நாவலால் சமுதாயத்தில் ஏற்பட்ட முதல் மாற்றம் அது.

பிறகு ஒவ்வொருவராக வந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தலைவர் யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டார்கள் என்பதுகூடத் தப்பு. அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு அது அவருடைய பழைய தலைமையாசிரியர். காம்பார் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அது விடுதி வார்டன். அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு அது நிர்வாகக் குழுத் தலைவர். லிஃப்டில் ஒட்டுகிற அறிவிப்புகளைக்கூட நான் அப்படியே எடுத்துப் போட்டிருப்பதாகப் பாராட்டினார். என் மனைவியும் படித்து முடித்தாள். பிறகு சோறு போடும்போது கேட்டாள்: "எங்க போனீங்க, யாரோட பேசுனீங்க, எப்ப வருவீங்கன்னு தலைவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. இது நான்தானே?"

இல்லை என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

இதெல்லாம் சில்லறை. பெரிய சேதி தோட்டத்து ஆட்களிடமிருந்து வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது காம்பாருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் தாமான். மிச்சமிருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் இன்னும் எங்கெங்கோவும் தொழிற்சாலை வேலைக்குச் சிதறிப் போன சனம், வருஷத்துக்கொரு தடவை திருவிழாவுக்கு அங்கே வந்து கூடும். அவர்கள் என் நாவலைப் படித்தார்கள். படித்துவிட்டு ஒரே குரலில் சொன்னார்கள்: இது நம்ம தோட்டம்.

விடியும் முன் மணி அடித்து வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவது எது? பெரட்டு. தோட்டத்தில் தினம் நடந்தது. வெளியே போக அனுமதி வாங்குவது? ஆபீஸில் கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் டவுனுக்குப் போனார்கள். சுவரில் படம்? தோட்டத்து மேலாளரான தொரையின் படம், ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியின் வீட்டில் தொங்கியது. நாவலில் மணி என்பது தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். தோட்டத்து ஆபீஸ் முன்னால் தொங்கியதும் அதேதான். ஒருவர் எனக்குக் குரல்பதிவே அனுப்பியிருந்தார், அந்த மணிச் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டி.

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு அது தெரியாது. எங்கோ குளிர் தேசத்துக் கைதி முகாமைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்த மணியை எடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல்பதிவைக் கேட்டபோது காரை ஓரம் கட்டிவிட்டேன். அத்தனை தூரம் போய் எடுத்து வந்த பொருள் என் வீட்டு வாசலிலேயே தொங்கியிருக்கிறது.

"அப்ப பனி எதுக்கு?" என்று நான் கேட்டால் அவர்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்கள். பனி வந்து மறைப்பாம். போலீஸ் கண்ணில் படாமல் இருக்க நான் தோட்டத்தின் மேல் பனியைத் தூவிவிட்டேனாம். என்ன மூளை, என்ன மூளை என்று முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். முதுகில் தட்டும்போது யார்தான் மறுப்பார்கள்? அதுவும் இரண்டாம் பதிப்புக்கு ஆள் கேட்கிற நேரத்தில்.

அந்தச் சிரிப்புக்கு வட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஈப்போ சாலைப் போக்குவரத்து அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: "தங்கள் நாவல் தொடர்பாக விசாரணை உள்ளது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தவறாமல் ஆஜராகவும்." அவ்வளவுதான். பெயர் இல்லை, இடம் இல்லை.

இந்த இடத்தில் என் நாவலின் நாயகன் என்ன செய்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு காத்திருந்தான். அந்த அத்தியாயத்தை எல்லாரும் பாராட்டினார்கள். அதை எழுதிய நான் ரொட்டியைச் சீட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டினேன். கூடத்தில் அடுக்கியிருந்த விற்காத பிரதிகளைத் தூக்கிக்கொண்டு போய், தீபாவளிச் சீரியல் விளக்குகள் வைக்கிற பெட்டிகளுக்கு அடியில் புதைத்தேன். ஒரு பையில் துண்டு, பனியன், பற்பசை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தேன். யோசித்துப் பார்த்து மூலத்துக்குப் போடுகிற மருந்தையும் வைத்தேன். தியாகிகளுக்கும் அந்தத் தொந்தரவு உண்டு, வரலாற்றில்தான் எழுதுவதில்லை.

மனைவி வாசலில் நின்று பையைப் பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். லாக்கப்புக்கு என்றேன்.

"அப்ப வழியில அந்தக் குப்பையக் கொண்டுபோய்ப் போட்டுட்டுப் போங்க."

செய்தியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பிறகு அந்த எண்ணுக்குரிய படத்தைப் பெரிதாக்கி என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். மாரியம்மன். எங்கள் தோட்டத்து மாரியம்மன், போன வருஷம் உடுத்திய பச்சைப் பட்டோடு.

"போலீஸ்காரன் நம்ம ஆத்தா படத்தத்தான் வச்சிருப்பானா?"

"அதுதான் தந்திரம்," என்றேன்.

அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். கோயில் செயலாளர் எடுத்தார். மனுஷர் முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கடிதம் அடித்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளை பிறந்த நாளுக்குக்கூட "தவறாமல் ஆஜராகவும்" என்றுதான் அனுப்புவார். கோயில் கமிட்டிக் கூட்டமாம். முதல் தட்டு விஷயமாக என்னிடம் ஒன்று கேட்டுத் தெளிய வேண்டுமாம். மனைவி போனை வைத்துவிட்டு என் பையிலிருந்து பற்பசையை எடுத்துக் குளியலறையில் வைத்தாள்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதுவும் தப்பு. லாக்கப்பே தேவலாம் என்று ஆகிவிட்டது.

முதல் தட்டு என்பது இது. திருவிழாவின் கடைசி நாள் பூசை முடிந்ததும் தேங்காய், பழம், பூ, ஒரு பட்டுத்துணி வைத்த தட்டை முதலில் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்தக் குடும்பம் பழைய மண்டோருடையது. மண்டோர் என்றால் வேலைக்காட்டுக்கு ஆட்களைப் பிரித்து விடுகிறவர், பெரட்டில் தலை எண்ணுகிறவர். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பேசுவதை ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறவர் என்றும் அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. அவர் செத்துப்போய் ரொம்ப காலம் ஆகிறது. அவருடைய ஒரே மகளைத்தான் நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். ஹுத்தான் மெலிந்தாங்கில் வாழ்க்கைப்பட்டுப் போய், புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனை நடத்திக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் அங்கிருந்து வந்து அந்தத் தட்டை வாங்கிப் போவார். அவர் எதற்கும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் கமிட்டியில் கேள்வி எழுந்துவிட்டது. காட்டிக் கொடுத்தவனுக்கு முதல் மரியாதையா? யார் காட்டிக் கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சி? அத்தாட்சி அச்சாகியே வந்திருக்கிறதே. குடை. தோட்டத்தில் மழை இல்லாத நாளிலும் குடையோடு நடந்தவர் மண்டோர் ஒருவர்தான். என் நாவலிலும் அதே குடை. எழுத்தாளரை வரவழைத்து, குடைக்காரன் மண்டோர்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்துவிட்டால் தீர்ந்தது. தட்டு கைமாறிவிடும். இரண்டாவது தட்டு எப்போதும் யாருக்குப் போகும் என்று கேட்பீர்கள். கமிட்டித் தலைவர் குடும்பத்துக்கு.

ஞாயிறு காலை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன் மேசையில் என் நாவல் மூன்று பிரதி, எல்லாவற்றிலும் மஞ்சள் துண்டுக் காகிதங்கள். என் வாழ்நாளில் என் எழுத்து அத்தனை கவனமாக வாசிக்கப்பட்டதில்லை. அக்கா ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை.

கமிட்டித் தலைவன் என்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரன். இரண்டுக்கும் காப்புறுதி என்னிடம்தான். எழுந்து நின்று, குடை வருகிற பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். நன்றாகவே வாசித்தான். என் வாக்கியத்தில் இருந்த ஒரு சுணக்கம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசித்து முடித்து மூடி வைத்தான்.

"மச்சான், பனி கினின்னு சுத்தி வளைக்காத லா. இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான். அந்தக் குடைக்காரன் யாரு? பேரு மட்டும் சொல்லு, போதும்."

என் நாவலின் விசாரணை அத்தியாயத்தில் அதிகாரி இதே வார்த்தைகளைத்தான் கேட்கிறான். பேர் மட்டும் சொல்லு, போதும். அங்கே இருட்டறை, முகத்தில் அடிக்கிற ஒற்றை விளக்கு. இங்கே தலைக்கு மேல் சுற்றும் காற்றாடி, மசால் வடை, ஏலக்காய் போட்ட தேநீர். என் நாயகன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் பயம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறந்தது.

"நான்தான்," என்றேன்.

கூடத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. விளக்கினேன். பெரட்டு மணி நம் தோட்டத்து மணிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடைக்காரனை நான் என்னைப் பார்த்துத்தான் எழுதினேன். வாராவாரம் காப்புறுதி வேலையாகத் தைப்பிங்குக்குப் போகிறவன் நான். எப்போது பெய்யுமென்று தெரியாத அந்த ஊர் மழைக்குப் பயந்து வெயில் நாளிலும் என் காரில், கையில், கக்கத்தில் குடை இருக்கும். அதைவிட, யாராவது சீருடையில் வந்து ஒரு கேள்வி கேட்டால் கேட்காததையெல்லாம் சொல்கிற ஜென்மம் நான்.

சமாளிக்காதே என்றார்கள். மண்டோரைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று செயலாளர் குறிப்பெழுதினார். வேறு வழியில்லாமல் காம்பார் ரோட்டில் நடந்த கதையைச் சொன்னேன். ஒரு சாயங்காலம் போலீஸ் சாலைத் தடுப்பு. ஒரு சின்ன வயதுப் போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் குனிந்து, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் காம்பாருக்கு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மனைவியின் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். புது அடுப்படி கட்டியிருக்கிறார்கள், அதைப் பார்க்க என்றேன். பின்பக்கம் முழுக்க இழுத்துக் கட்டிவிட்டார்கள், நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்கவில்லை, ஆனால் வாங்கிவிடுவார்கள் என்றேன். முகவரியும் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்து, போங்க போங்க என்று கையைக் காட்டினார்.

கூடமே சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான்.

"எங்க அக்கா அடுப்படியவா சொன்னீங்க?" என்றாள் என் மனைவி, இரண்டாவது வரிசையிலிருந்து. "அட்ரஸோட."

இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா? செயலாளரே பேனாவை மூடினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு வடையை எடுத்தேன். தலைவன் விடவில்லை. புத்தகத்தில் அது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், மண்டோர் ஆபீஸில் போய்ச் சொன்னது ஊருக்கே தெரியும், அதனால் தட்டை மாற்றுவது மாற்றுவதுதான் என்றான். அப்போதுதான் அக்கா எழுந்தார்.

"நான் படிச்சேன் தம்பி, ரெண்டு தடவ," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பினார். "எங்கப்பா ஆபீஸ்ல போய்ச் சொன்னாரு. இல்லன்னு சொல்ல மாட்டேன். வீட்டுல இருந்தவளுக்குத் தெரியாதா? நீங்க உக்காந்திருக்கற இந்த எடத்த யாரு கேட்டு வாங்குனது? திருவிழாவுக்கு லீவு யாரு கேட்டு வாங்குனது? தொரை சும்மா குடுத்துருவானா? அப்பா ஒரு சேதி சொல்லுவாரு, ஒண்ணு கேப்பாரு. அதுதான் அவரு செஞ்சது. நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல."

தகரக் கூரையில் ஒரு பறவை நடந்து போகிற சத்தம் கேட்டது.

"தட்ட எடுக்கணும்னா எடுங்க. ஆனா கதையில இருக்குன்னு எடுக்காதீங்க. உங்க வீட்டுல என்ன நடந்துச்சோ அத எழுந்திரிச்சு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு எடுங்க. நான் உக்காந்து கேக்குறேன்."

சொன்னபடியே உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒருவரும் எழவில்லை. மஞ்சள் காகிதம் ஒட்டியவர்கள் புத்தகத்தை நகர்த்தி வைத்தார்கள். கடைசி வரிசையில், ஈப்போவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். அவருடைய அண்ணனைத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தான் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்றும், சொன்னது மண்டோர்தான் என்றும், ஒரே வாரத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மழையில் லாரி ஏறினோம் என்றும் சொன்னார். குரல் உயரவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே," என்றார் அக்கா. "அது நடந்துச்சு. நான் பாத்தேன்."

அந்த மனிதர் தலையாட்டினார். "தட்டப் புடுங்கச் சொல்லல நான்," என்றார். "யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு கூட்டம் நடத்துகிற நிலையில் யாரும் இல்லை. தலைவன் கடிகாரத்தைப் பார்த்து, தே ஆறிப்போகுது, குடிச்சிட்டுப் பேசலாம் என்றான். குடித்தோம். பேசவில்லை. தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை. நான் எழுதிய நாட்டில் அப்படிக் கூட்டம் கலைய வாய்ப்பே இல்லை. அந்த வகையில் எங்கள் கமிட்டி கொஞ்சம் முன்னேறியதுதான். திரும்பி வரும்போது மனைவி காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது நகராண்மைக் கழக விவகாரம். இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது.

திருவிழாவின் கடைசி நாள் பூசை முடிந்து தட்டு வந்தது. பூசாரி தலைவனைப் பார்த்தார். தலைவன் கூரையைப் பார்த்தான். நாங்கள் எல்லாரும் தலைவனைப் பார்த்தோம். அக்கா வழக்கமாக நிற்கிற தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னே வரவும் இல்லை, விலகவும் இல்லை. நல்ல வேளையாக யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"குடு லா, பூவெல்லாம் வாடுது," என்றான் தலைவன்.

பூசாரி தூண் பக்கம் நடந்தார். பேருந்து ஓட்டியவர் வழிவிட்டு நின்றார்.

பிறகு சாப்பாடு. எனக்குத் தோட்டத்தில் புதுப் பெயர் வந்துவிட்டது. நான் எந்த மேசைக்குப் போனாலும் பேச்சு நின்றது. "உளவாளி வர்றாரு, அடுப்படி கட்டுறவங்கள்லாம் ஜாக்கிரத" என்று யாரோ சொல்ல, மேசையே குலுங்கியது. ஒருவரும் என்னிடம் எந்தக் கதையும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை என் சர்வாதிகாரிக்குக்கூட நான் யோசித்துக் கொடுக்கவில்லை. தனியாக ஒரு மேசையில் போய் இலை போட்டு உட்கார்ந்தேன்.

எதிர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அக்கா வந்து உட்கார்ந்தார். தட்டை மேசையில் வைத்து, பட்டுத்துணி நனையாமல் ஓரமாக நகர்த்தினார். கொஞ்ச நேரம் சாப்பிட்டோம்.

"அந்தக் குடைக்காரன் கதை பூரா வெளியிலயே சுத்துறானே," என்றார். "அவனுக்கு வீட்டுல யாருமே இல்லியா தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. நாலு வருஷம் எழுதினேன், அவன் ராத்திரி எங்கே போய்ச் சாப்பிடுகிறான் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"ஒரு மக இருந்துச்சுன்னு வச்சிக்கங்க." தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினார். "பேனா இருக்கா, இல்ல நெனப்புல வச்சிக்குவீங்களா?"

நான் எதையும் மறக்க மாட்டேன் அக்கா, நான்தான் உளவாளியாச்சே என்றேன். அவர் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பா வீட்டுக்கு வந்ததும் சட்டுன்னு உள்ள வர மாட்டாரு. வாசல்லயே நின்னு குடைய உதறுவாரு. நல்லா, சத்தமா. மழையே இல்லாத நாள்லயும் உதறுவாரு. உள்ள அம்மாவும் நானும் என்னமோ பேசிக்கிட்டு இருப்போம்ல. நிறுத்திக்க நேரம் குடுப்பாரு."

(முற்றும் என்று இதற்குக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை. மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் நான் வெளியிலிருந்து வந்தபோது, வாசலில் செருப்பைக் கொஞ்சம் சத்தமாகக் கழற்றினேன். உள்ளே அவள் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது.)